வகுப்பறைக் கேள்விகள்: டீச்சர் பதில் சொல்கிறார்

வகுப்பு நடத்துவது, பிள்ளைகளோடு பழகுவது பற்றி மட்டும் கேளுங்கள். சம்பளம், பதவி உயர்வு எல்லாம் எனக்குத் தெரியாத விஷயம்.

கேள்வி: புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன் டீச்சர். உள்ளே போனாலே ஒரே இரைச்சல். கத்தாமல் எப்படி அடக்குவது?

பதில்: ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுப்புகளைப் படம்பிடித்து ஆராய்ந்து 1970இல் முடிவுகளை வெளியிட்டார். தப்பு நடந்த பிறகு ஆசிரியர் அதட்டினாரா, தன்மையாகச் சொன்னாரா என்பதால் வகுப்பின் ஒழுங்கில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நன்றாக நடந்த வகுப்புகளில், டீச்சர் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் தொய்வும் விழவில்லை.

அதனால் இரைச்சல் எந்த நிமிடத்தில் கிளம்புகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் வருகைப் பதிவு எடுக்கும்போது, நோட்டுகளைத் திருப்பித் தரும்போது. உள்ளே போனதும் பலகையில் ஒரு சின்னக் கணக்கை எழுதிப் போட்டுவிட்டு, அவர்கள் அதைச் செய்யும்போது பதிவு எடுங்கள். நோட்டுகளை வரிசைக்கு ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். பலகையில் எழுதும்போது முழு முதுகையும் காட்டாமல் பக்கவாட்டில் நில்லுங்கள். அப்படியும் ஒரு பெஞ்சில் பேச்சு கிளம்பினால், பாடத்தை நிறுத்தாமல் நடந்து போய் அந்தப் பெஞ்சுக்குப் பக்கத்திலேயே நின்று நடத்துங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியதே இருக்காது.

கேள்வி: யார் விசில் அடித்தது என்று தெரியவில்லை. மொத்த வகுப்பையும் நிற்க வைக்கலாமா?

பதில்: கூடாது. அடிக்காதவர்களுக்கெல்லாம் உங்கள் மேல் கோபம் வரும், அடித்தவன் ஹீரோ ஆவான்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுகிறான்.

பதில்: எல்லோர் முன்னாலும் அவனோடு மல்லுக்கு நிற்காதீர்கள். அத்தனை பேர் பார்க்கும்போது அந்த வயதுப் பிள்ளை இறங்கி வர மாட்டான். "இப்போது இதை எழுது, மற்றதை அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டு உடனே நகர்ந்துவிடுங்கள். நின்று முறைத்தால் அவன் பதில் பேசியே ஆக வேண்டும். நகர்ந்துவிட்டால் முணுமுணுத்துக்கொண்டாவது பேனாவை எடுப்பான்.

கூடவே, தினமும் இரண்டு நிமிடம், பத்து நாள், அவனோடு வேறு ஏதாவது பேசுங்கள். ஆசிரியர்களிடையே நெடுநாளாகப் புழங்கும் உத்திதான். படிப்பு, ஒழுக்கம் இரண்டையும் அந்தப் பேச்சில் எடுக்கவே கூடாது. முதல் சில நாள் "ம்" என்பதோடு நிறுத்துவான், பரவாயில்லை.

கேள்வி: கத்தாமல் அமைதிப்படுத்த வழி உண்டா மேடம்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: கேள்வி கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை.

பதில்: எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள்? மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளில் கவனித்தபோது ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் பொறுத்தார்கள். மூன்று வினாடிக்கு மேல் பொறுத்தபோது பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். மனதுக்குள் எண்ணிப் பாருங்கள், மூன்று வினாடி எவ்வளவு நீளம் என்று தெரியும்.

கேள்வி: நட்சத்திரம் ஒட்டினால் பிள்ளைகள் பறந்து பறந்து வேலை செய்கிறார்கள். எல்லோரும் இதைச் செய்யலாமே?

பதில்: ஒட்டுகிற வரை செய்வார்கள். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் ஏற்கனவே படம் வரைவதில் ஆசையுள்ள மழலையரிடம் சோதித்தார்கள். வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட குழந்தைகள், பின்னால் தாமாக வரைந்த நேரம் மற்றவர்களைவிடப் பாதியளவாகக் குறைந்தது. சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை.

கேள்வி: ஆய்வு கிடக்கட்டும் டீச்சர். என் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டில் ஆசையே இல்லை. இல்லாத ஆசை எப்படிக் குறையும்?

பதில்: நியாயமான கேள்வி. அந்தச் சோதனை ஆசை இருந்தவர்களைப் பற்றியதுதான். சலிப்பான வேலையைத் தொடங்கிவைக்கக் கொஞ்ச நாள் நட்சத்திரம் ஒட்டுங்கள், நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் கதைப் புத்தகம் படிப்பதற்கும் ஒட்டாதீர்கள். அப்புறம் யாருக்கு எத்தனை நட்சத்திரம் என்ற பட்டியலைச் சுவரில் மாட்டாதீர்கள். கடைசி வரியில் காலியாக இருக்கும் பெயரை அந்தப் பிள்ளை தினமும் பார்க்கிறது, மற்றவர்களும் பார்க்கிறார்கள்.

கேள்வி: நான் குறுக்கே வருகிறேன். எங்கள் வகுப்பில் அணிக்குத்தான் புள்ளி. ஒருவர் பேசினால் அணிக்கே குறையும். அருமையாகப் போகிறது.

பதில்: மொத்த வகுப்பையும் நிற்க வைப்பதுதான் இது, வேஷம் மட்டும் வேறு. யாரால் புள்ளி போனதோ அவனை இடைவேளையில் அணியே கவனித்துக்கொள்ளும். உங்கள் கண்ணில் படாததால் அருமையாகத் தெரிகிறது.

கேள்வி: அப்படியானால் பாராட்டவே கூடாதா?

பதில்: எங்கே சொன்னேன் அப்படி? "வெரி குட்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். "நேற்று விட்ட படியை இன்று எழுதியிருக்கிறாய்" என்று நோட்டைக் காட்டிச் சொல்லுங்கள்.

கேள்வி: சத்தம் போடாமல் வகுப்பை...

பதில்: மேலே போங்கள்!

கேள்வி: சிரித்துப் பேசினால் தலைமேல் ஏறி உட்காருவார்கள் என்கிறார் எங்கள் சீனியர்.

பதில்: சிரியுங்கள். திங்கட்கிழமை கண்டுகொள்ளாமல் விட்ட தப்புக்கு வியாழக்கிழமை பாய்ந்தால்தான் ஏறி உட்காருவார்கள்.

கேள்வி: நட்சத்திரம் கேட்டவன் நான்தான். பட்டியலைக் கழற்றினால் நாளைக்கு என்னைத் துளைத்துவிடுவார்களே?

பதில்: நாளைக்கே கழற்றாதீர்கள். இந்தப் பட்டியல் நிறைந்ததும் அடுத்தது கிடையாது என்று இப்போதே சொல்லிவிடுங்கள், சேர்த்ததற்கு வாக்குக் கொடுத்ததையும் கொடுத்துவிடுங்கள். பாதியில் பிடுங்கினால் அதுவும் மொத்த வகுப்புக்கும் தண்டனைதான்.