சாயம் வெளுத்த தடை

கேள்வி: 1914 போரில் ஜெர்மன் சரக்கு எதுவும் உள்ளே வரக்கூடாது என்று வெள்ளைக்காரன் தடை போட்டான். எதிரி நாட்டுச் சரக்கை நாமும் அதேபோல் அடியோடு நிறுத்தினால் அவன் தானாக வழிக்கு வந்துவிட மாட்டானா?
(நாட்டுப்படகு வைத்திருக்கும் வாசகர், தொண்டி)

பதில்: தடை போட்டது உண்மைதான். எதிரியோடு வணிகம் செய்வது குற்றம் என்ற சட்டம் லண்டனில் 1914 செப்டம்பர் 18 அன்று நிறைவேறியது. நான்காம் நாள் இரவே எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் வந்து சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. சரி, அதை விடுங்கள், சரக்குக்கு வருவோம்.

அப்போது உலகச் சந்தையில் செயற்கைச் சாயம் என்றால் ஜெர்மனிதான். தடை வந்ததும் முதலில் முழி பிதுங்கியது யாருக்கு? போட்டவருக்கு. இங்கிலாந்துச் சிப்பாயின் காக்கிக்கே ஜெர்மன் சாயம் வேண்டியிருந்தது. மதுரைச் சாயப்பட்டறைகளும் சிவப்புக்கு அலிசரின் என்ற ஜெர்மன் சாயத்தைத்தான் நம்பியிருந்தன. விலை பல மடங்கு ஏறியது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்தச் சிவப்பு நம் மணலில் கிடந்த பொருள். சாயவேர், அதாவது இம்பூறல், கடற்கரையில் தானே முளைப்பது. அதைத் தோண்டி எடுத்துத்தான் சோழமண்டலத் துணிகளுக்குச் சிவப்பு ஏற்றினார்கள். 1868இல் ஜெர்மன் வேதியியலார் இருவர், இந்த மாதிரி வேர்களில் சிவப்பைத் தருகிற அலிசரினை ஆய்வுக்கூடத்திலேயே செய்துவிட்டார்கள். அப்புறம் வேர் தோண்டுகிற கூலிக்குக்கூடக் கட்டவில்லை. 1897இல் செயற்கை நீலம் கடைக்கு வந்ததும் அவுரிக்கும் அதே கதி. போரில் ஜெர்மன் நீலம் நின்றபோது அவுரி கொஞ்சம் தலைதூக்கியது. போர் முடிந்ததும் படுத்துவிட்டது. செடி இருந்தது, ஆலை இல்லை.

வெள்ளைக்காரன் தடையோடு நிற்கவில்லை. 1915இல் அரசுப் பணத்தைப் போட்டுச் சாயக் கம்பெனி ஆரம்பித்தான். போர் ஓய்ந்த பிறகு 1920இல் இன்னொரு சட்டம்: உரிமம் இல்லாமல் வெளிநாட்டுச் சாயம் பத்து ஆண்டுக்கு உள்ளே வரக்கூடாது. அப்போது எதிரியும் இல்லை, போரும் இல்லை. உள்ளூர் ஆலை காலூன்ற வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் மெச்சும் தடையில் உருப்படியாக வேலை செய்தது இந்தப் பகுதிதான். அதைத்தான் யாரும் கேள்வியாக எழுதி அனுப்புவதில்லை.

நாமும் 2025 மே மாதம் பாகிஸ்தான் சரக்கை, நேராக வந்தாலும் சுற்றி வந்தாலும் கூடாது என்று நிறுத்தினோம். அது சுலபம். 2019இல் 200 சதவீத வரி போட்ட பிறகு அங்கிருந்து வந்ததே சொற்பம். எந்திரமும் உதிரிபாகமும் அனுப்புகிற நாட்டோடு மல்லுக்கு நிற்பது வேறு கணக்கு. உங்கள் படகு எஞ்சினில் ஒரு தகடு ஒட்டியிருக்கும். உப்பைத் துடைத்துவிட்டு, அதில் எந்த நாட்டுப் பெயர் இருக்கிறது என்று பார்த்து ஒரு கார்டு போடுங்கள். மீதியை அப்புறம் பேசுவோம்.