கியரைக் குறைக்கும்போது ஆக்சிலேட்டரை ஏன் தட்டுகிறார்கள்?

பந்தயக் கார்கள் வளைவுக்கு முன் கியரைக் குறைக்கும்போது 'வ்ரூம்' என்று ஒரு சத்தம் வரும். அது எதற்கு, நம் வண்டிக்கும் தேவையா என்பதுதான் கேள்வி.

எஞ்சின் வேகத்தைச் சக்கர வேகத்தோடு ஒத்துப்போக வைக்கிறார்கள், அவ்வளவுதான். ஒரே வேகத்தில் போகும்போது நாலாவது கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றினால், மூன்றாவதில் ஏறக்குறைய 2800 சுற்ற வேண்டும். ஆனால் கிளட்ச்சை மிதித்ததும் எஞ்சின் வேகம் இறங்கிவிடுகிறது. அப்படியே சட்டென்று காலை எடுத்தால் சக்கரம்தான் எஞ்சினை இழுத்துச் சுற்ற வேண்டும். வண்டி குலுங்கும், கிளட்ச் பிளேட் தேயும், ஈரச் சாலையில் டயர் வழுக்கவும் செய்யும். ஓடும் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர் விழாமலிருக்க அதே திசையில் நாலு எட்டு ஓடுவார் இல்லையா? அந்த நாலு எட்டுதான் இந்தத் தட்டு.

பந்தயத்தில் பாதத்தின் முன்பக்கம் பிரேக்கை அழுத்த, குதிகால் ஆக்சிலேட்டரைத் தட்டும். நெல்லை டவுன் ரத வீதி நெரிசலில் அது வேண்டாம். வேகத்தைக் குறைத்துவிட்டு கிளட்ச்சை நிதானமாக விட்டாலே போதும்.

ஆனால் காரையாறிலிருந்து பாபநாசம் இறங்குகிறவர்கள் கியர் குறைப்பதைத் தயவுசெய்து பழகிக்கொள்ளுங்கள். இரண்டாவது கியரில் எஞ்சினே வண்டியை வேகமெடுக்க விடாமல் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை மட்டும் அழுத்திக்கொண்டே வந்தால் கருகல் வாடை வரும்; பிரேக் பிடிமானம் குறைகிறது என்று அர்த்தம்.

இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று பலர் நம்புகிறார்கள். இன்றைய கார்களில் கியரில் வைத்தபடி ஆக்சிலேட்டரை விட்டால்தான் பெட்ரோல் போவது நிற்கும், நியூட்ரலில் எஞ்சின் அணையாமலிருக்கக் குடித்துக்கொண்டேதான் இருக்கும்.