ரயிலில் கார்டு வேலை: வடசென்னைப் பிள்ளைகள் கேட்டதும் என் பதிலும்

சரக்கு ரயிலில் கார்டாக இருந்தவன் நான். இந்த வேலைக்கு வர நினைக்கும் நம்ம பக்கத்துப் பிள்ளைகள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

சார், பஸ்ஸில் இருப்பது போல ரயிலில் கண்டக்டர் ஆகணும். எந்தப் பரீட்சை எழுதணும்? (தண்டையார்பேட்டை)

தம்பி, ரயிலில் அது இரண்டு வேலை. டிக்கெட் பார்ப்பவர் டி.டி.இ. வண்டியின் கடைசியில் இருந்து, புறப்படச் சொல்லி, பாதுகாப்பைக் கவனிப்பவர் கார்டு. 2022 முதல் அவருக்கு 'டிரெயின் மேனேஜர்' என்று பெயர். கார்டு வேலைக்கும் டிக்கெட் பிரிவுக்கும் ஆர்.ஆர்.பி. (ரயில்வே தேர்வு வாரியம்) நடத்தும் என்.டி.பி.சி. தேர்வுதான், அதாவது தொழில்நுட்பம் சாராத வேலைகளுக்கான தேர்வுதான், வாசல். கார்டுக்கு ஏதாவது ஒரு டிகிரி போதும். 7ஆவது சம்பளக் கமிஷன்படி ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 29,200 ரூபாய். ஓடும் தூரத்துக்குக் கிலோமீட்டர் படி தனி. பிளஸ் டூ முடித்தவர்கள் டிக்கெட் கிளார்க் வேலைக்கு எழுதலாம், அதற்கு 21,700.

கோச்சிங் சேரப் பணம் கட்டப் போகிறேன். எது நல்ல இடம் அண்ணா? (வியாசர்பாடி)

முதலில் கண்ணைப் பரிசோதித்துக்கொள், அப்புறம் பணம் கட்டு. இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்கு அலுக்காது. கார்டுக்கு ஏ-2 மருத்துவத் தகுதி வேண்டும்: கண்ணாடி போடாமலே இரு கண்ணிலும் 6/9 பார்வை, நிறங்களைப் பிரித்தறியும் திறன், இரவுப் பார்வை. கண்ணாடியைத் தவிர்க்க லேசிக் என்ற லேசர் கண் சிகிச்சை செய்துகொண்டவர்களை இந்த வேலைக்கு எடுப்பதில்லை. இரண்டு எழுத்துத் தேர்விலும் நல்ல மார்க் வாங்கிவிட்டு, மெடிக்கலில் பச்சையும் சிவப்பும் குழம்பி வெளியே வரும் பிள்ளைகளைப் பார்த்தால் மனசு தாங்காது. எழும்பூர் அரசு கண் மருத்துவமனை நமக்குப் பக்கம்தானே? ஒரு காலைப்பொழுது போதும். கண் ஒத்துவரவில்லை என்றால் கவலைப்படாதே, அதே தேர்வில் கிளார்க், கணக்குப் பிரிவு வேலைகளும் இருக்கின்றன.

கோச்சிங் உன் வசதிப்படி. கேள்விகள் தமிழிலும் வரும். மூன்று தப்புக்கு ஒரு மார்க் போகும், அதனால் குருட்டாம்போக்கில் டிக் அடிக்காதே.

கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் நேரடியாக கார்டாகச் சேர முடியுமா? (திருவொற்றியூர்)

முடியாது. முதலில் சரக்கு வண்டி, அப்புறம்தான் பதவி உயர்வில் பயணிகள் வண்டி. சேர்ந்ததும் திருச்சியில் உள்ள பயிற்சி நிலையத்தில் விதிகளைப் படிக்க வேண்டும்.

கொடி காட்டுவதைத் தவிர கார்டுக்கு என்ன வேலை? (கொருக்குப்பேட்டை)

இந்தக் கேள்விக்கு நிதானமாகச் சொல்கிறேன். யார்டில் நிலக்கரி வண்டி நிற்கிறது என்று வை. வண்டி கிளம்பும் முன் பிரேக் காற்று கடைசி வரை வந்ததா என்று பார்க்க வேண்டும். என்ஜினில் காற்றழுத்தம் 5 கிலோ இருந்தால், கார்டு இருக்கும் கடைசிப் பெட்டியான பிரேக் வேனின் மீட்டரில் கிட்டத்தட்ட 4.8 காட்டும். கார்டு தன் வால்வைத் திறந்து காற்றை இறக்குவார். அந்த இறக்கம் முன்னால் என்ஜின் ஓட்டும் லோகோ பைலட்டின் மீட்டரிலும் தெரிந்தால்தான் நடுவில் எங்கும் குழாய் அடைபடவில்லை என்று அர்த்தம். கடைசிப் பெட்டியில் 'எல்.வி.' (லாஸ்ட் வெஹிக்கிள், கடைசி வண்டி) பலகை இருக்க வேண்டும். அது இல்லாமல் வண்டி கடந்தால், பாதிப் பெட்டிகள் வழியில் கழன்றுவிட்டனவோ என்று ஸ்டேஷன் மாஸ்டர் உஷாராவார்.

நடுவழியில் வண்டி நின்று பின்பக்கம் பாதுகாக்க வேண்டி வந்தால், கார்டு இறங்கி நடக்க வேண்டும். தண்டவாளத்தில் 600 மீட்டரில் ஒரு டெட்டனேட்டர் (சக்கரம் ஏறினால் வெடித்து ஓட்டுநரை எச்சரிப்பது) வைக்க வேண்டும், 1200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று. நள்ளிரவு, மழை, ஜல்லிக்கல் எதுவானாலும் தனியாகத்தான் போக வேண்டும். பின்னால் வரும் வண்டியில் இருப்பவர்களின் உயிர் அந்த நடையில் இருக்கிறது.

பெண்கள் வரலாமா சார்? (ராயபுரம்)

தாராளமாக வாம்மா, இப்போதே இருக்கிறார்கள். ஆனால் பல பிரேக் வேன்களில் கழிப்பறை கிடையாது என்பதைத் தெரிந்துகொண்டு வா. இது ஆண்களுக்கும் கொடுமைதான். ரயில்வே இதைச் சரிசெய்தே ஆக வேண்டும்.

ஒருத்தர் ஐந்து லட்சம் கொடுத்தால் வேலை வாங்கித் தருகிறேன் என்கிறார். (எண்ணூர்)

ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பேப்பர் நகல், சர்டிபிகேட் எதையும் அவரிடம் தராதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றைக்கே போலீசில் புகார் கொடுங்கள்.