இரண்டு நேர்காணல், இரண்டு முடிவு

கேள்வி: லாரி ஓட்டுநரான என் கணவர் தீவு விரைவுச்சாலையில் நடந்த விபத்தில் உயிர் தப்பினார். இரண்டு மாதம் கழித்து அவரிடம் பேசிய மருத்துவர் பிடிஎஸ்டி (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலக் கோளாறு) என்றார். பத்து நாளில் இன்னொருவர் இல்லை என்றார். லாரிக் கதவைத் தொட்டாலே "கொஞ்சம் படபடப்பா இருக்கு" என்றுதான் இருவரிடமும் சொன்னாராம். ரத்தப் பரிசோதனை இல்லாத நோயில் வெறும் பேச்சை எப்படி நம்புவது?
வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: சகோதரி, இதே சந்தேகம் ஆய்வாளர்களுக்கும் இருப்பதால்தான் நேர்காணலையே சோதித்துப் பார்க்கிறார்கள். பிடிஎஸ்டிக்குப் பரவலாகக் கையாளப்படும் 'கேப்ஸ்-5' நேர்காணலில் 20 அறிகுறிகளைத் தனித்தனியே விசாரித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் இடுவார்கள். குறைந்தது 2 கிடைத்தால்தான் அது அறிகுறியாகக் கணக்கில் சேரும்.

நேர்காணலின் ஒலிப்பதிவை இன்னொருவர் கேட்டு, முதல்வரின் மதிப்பெண்ணைப் பாராமல் தாமும் மதிப்பிடுவது ஒருவகைச் சோதனை. சில நாள் கழித்து வேறொருவர் புதிதாக நேர்காண்பது மற்றொன்று. என் பார்வையில் பின்னதே கடினமான தேர்வு. ஏனெனில் பதிவைக் கேட்பவருக்குக் கேள்வியும் பதிலும் ஏற்கெனவே அமைந்துவிட்டன, புதிதாக அமர்பவரோ எதைத் துருவிக் கேட்பது என்பதையும் தாமே தீர்மானிக்க வேண்டும்.

இருவரும் ஒத்துப்போவது மட்டும் போதாது. நூறு பேரில் பத்துப் பேருக்கு நோய் என்று இரு மருத்துவர்களும் தனித்தனியே சீட்டுக் குலுக்கிப் போட்டாலும், சராசரியாக 82 பேர் விஷயத்தில் அவர்கள் முடிவு ஒன்றாகவே இருக்கும். இந்தத் தற்செயலைக் கழிக்கத்தான் 1960இல் ஜேக்கப் கோஹன் 'கப்பா' என்ற அளவை வகுத்தார். தற்செயலுக்கு 0, முழு உடன்பாட்டுக்கு 1. அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் நடத்தி 2018இல் வெளியான ஆய்வில், மறுநேர்காணலின்போது கேப்ஸ்-5 பெற்ற கப்பா 0.83. மருத்துவர்கள் தம் வழக்கமான முறையில் பேசி முடிவெடுத்த டிஎஸ்எம்-5 (அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேடு) கள ஆய்வில் பிடிஎஸ்டிக்கு 0.67. (இருவரும் சேர்ந்தே தவறக்கூடும் என்பது வேறு கதை.)

உங்கள் கணவரின் "கொஞ்சம்" என்ற சொல்லைப் பாருங்கள். அதோடு விட்டுவிட்டவர் 1 போட்டிருப்பார், "கடந்த மாதத்தில் எத்தனை நாள்? அன்று வண்டி எடுத்தீர்களா?" என்று தொடர்ந்தவர் 2 போட்டிருக்கலாம். எல்லைக்கோட்டில் நிற்பவருக்கு அந்த ஒரு மதிப்பெண்ணே முடிவைப் புரட்டிவிடும். யாரோ ஒருவர் தவறினார் என்று கொள்ளத் தேவையில்லை. இருவரும் எந்த நேர்காணலைக் கையாண்டார்கள், மொழிபெயர்ப்பாளர் இருந்திருந்தால் அவர் "படபடப்பு" என்பதை எப்படிச் சொன்னார் என்று கேட்டறியுங்கள். மறுமுறை போகும்போது, அவர் லாரியில் ஏற மறுத்த நாள்களை நாட்காட்டியில் குறித்து எடுத்துச் செல்லுங்கள்.