தடை கோரும் கட்டுரைக்கு மதிப்பெண் இடுவது குறித்து

ஆசிரியருக்கு வணக்கம். சாகச விளையாட்டுகளைத் தடை செய்யக் கோரும் உங்கள் மாணவி, ராமநாதபுரம் மாவட்டத்துப் பிரப்பன்வலசைக் கடலில் காற்றாடி அலைச்சறுக்கு (காற்றாடி இழுக்க, பலகையில் நின்று நீர்மேல் சறுக்குவது) ஆடுவோரை மட்டுமே சான்றாக்கி, எதிர்வாதத்தைத் தொடவேயில்லை என்றும், நடை அழகாக இருப்பதால் எவ்வளவு குறைப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நடைக்குரியதை முழுமையாகக் கொடுத்துவிட்டு, வாதத்திற்குரியதில் தயங்காமல் குறையுங்கள். ஏனெனில் ஆபத்து உண்டு என்று காட்டுவது வேறு, ஆகவே தடை வேண்டும் என்று நிறுவுவது வேறு, இடையில் உயிர்காப்பு உடை, பயிற்சி, வயது வரம்பு ஆகியவை ஏன் போதா என்பதை அவர் சொல்லியாக வேண்டும். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு, துணைப்படகுடன் சுமார் 30 கி.மீ. நீந்துவோரையும் தடுப்பாரா என்று ஓரத்தில் எழுதிக் கேளுங்கள். 2014இல் தடைபட்ட சல்லிக்கட்டு (அங்கே காரணம் விலங்குவதை) 2017இல் விதிமுறைகளுடன் திரும்பியதையும் சுட்டலாம். திருத்தி எழுத வாய்ப்பளித்த பிறகே இறுதி மதிப்பெண்ணைப் பதியுங்கள்.