இரண்டாம் ஆண்டில் குறைந்த ஹோம்ரன்கள்: ஒரு தாயின் கடிதத்துக்குப் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

தங்கள் மகள் பேஸ்பாலைப் போன்ற மட்டை ஆட்டமான சாஃப்ட்பாலில், கல்லூரி அணிக்காக முதலாம் ஆண்டில் 11 ஹோம்ரன்களும் (பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பும் அடிகள்) இரண்டாம் ஆண்டில் 5 ஹோம்ரன்களும் அடித்திருப்பதாகவும், தனியாக அமர்த்திய பயிற்சியாளர் மட்டை வீச்சையே அடியோடு மாற்றச் சொல்வதாகவும், இப்படியே போனால் தொழில்முறை லீக் என்ற கனவு கலைந்துவிடுமோ என்று வீட்டில் யாருக்கும் உறக்கமில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். லீக்கைப் பற்றிப் பிறகு பேசலாம். வீச்சைப் பற்றிய அச்சம் தெளியாமல் மற்ற எதைப் பற்றியும் நிதானமாக முடிவெடுக்க இயலாது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஓக்லஹோமா பல்கலைக்கழகத்துக்கு ஆடிய ஜாஸ்லின் ஆலோ அமெரிக்கக் கல்லூரி சாஃப்ட்பாலில் 122 ஹோம்ரன்கள் அடித்தவர். அதே பல்கலைக்கழகத்தின் லாரன் சேம்பர்லெய்ன் 95 ஹோம்ரன்களுடன் வைத்திருந்த சாதனையை, 2022 மார்ச்சில் தம் சொந்த மாநிலமான ஹவாயில் ஆடியபோது அவர் முறியடித்தார். அந்த 122 எப்படிச் சேர்ந்தது என்று பாருங்கள்: 2018இல் முதலாண்டு மாணவியாக 30, அடுத்த ஆண்டில் 16, கொரோனாவால் பாதியில் நின்ற 2020இல் 8, பிறகு 2021இலும் 2022இலும் தலா 34. இரண்டாம் ஆண்டில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்த அந்த 16ஐ மட்டும் பார்த்து யாராவது அவருடைய வீச்சைக் கழற்றிப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. தங்கள் மகள் ஆலோ ஆகிவிடுவார் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. முதலாண்டில் எதிரணிகளுக்கு அறிமுகமில்லாத மட்டையாளர், இரண்டாம் ஆண்டுக்குள் ஒவ்வொரு அணியின் காணொளிக் கோப்பிலும் இடம்பெற்றுவிடுகிறார்; எந்தப் பந்துக்கு ஏமாறுகிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. ஆகவே எண்ணிக்கை குறைந்ததாலேயே வீச்சு கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட முடியாது.

கல்லூரியில் பிட்ச்சர் பந்தை எறியும் இடத்திலிருந்து மட்டையாளர் நிற்கும் ஹோம் பிளேட் வரை 43 அடி. பிட்ச்சர் காலை நீட்டி முன்வைத்துத்தான் பந்தை விடுகிறார் என்பதால் பந்து உண்மையில் கடக்கும் தூரம் 37 அடி அளவில்தான் இருக்கும். மணிக்கு 65 மைல் வேகத்தில் வரும் பந்து அந்தத் தூரத்தை 0.4 வினாடிக்கும் சற்றுக் குறைவான நேரத்தில் கடந்துவிடுகிறது. மட்டையைச் சுழற்றுவதற்கே அதில் கணிசமான பங்கு போய்விடுவதால், அடிப்பதா விடுவதா என்று தீர்மானிக்க மட்டையாளருக்கு எஞ்சுவது ஏறத்தாழ 0.2 வினாடிதான். கைகள் உடலை விட்டு விலகிச் சுற்றி வரும் நீண்ட வீச்சு, பள்ளி அளவில் வேகம் குறைந்த பந்துகளை வேலிக்கு அப்பால் அனுப்பப் போதுமானது. வலிமையான கல்லூரிப் பிட்ச்சருக்கு எதிரே அதே வீச்சு, பந்து கடந்த பிறகு வந்து சேர்கிறது. எனவே முதலிரண்டு ஆண்டுகளில் நல்ல பயிற்சியாளர்கள் செய்வதெல்லாம் கைகளின் பாதையைச் சுருக்குவதும், விசை தரையிலிருந்து கால் வழியே இடுப்புக்கும், இடுப்பிலிருந்து தோளுக்கும், கடைசியாகத்தான் கைக்கும் ஏறுகிறதா என்று பார்ப்பதும்தான். இடுப்பு முதலில் திரும்ப, தோள் ஒரு கணம் பின்தங்க வேண்டும். இரண்டும் ஒன்றாகத் திரும்பினால் எவ்வளவு பளு தூக்கியிருந்தாலும் மட்டையில் வேகம் பிறக்காது.

அடுத்துச் சொல்வதைத் தங்கள் மகளும் படிக்க வேண்டும். டிராப்பால் என்னும் பந்து தாழ்ந்து கீழ்நோக்கி வருவது. அதை உயரே தூக்க மட்டை சற்று மேல்நோக்கி ஏற வேண்டும். ரைஸ்பாலோ பின்சுழற்சியால் எதிர்பார்த்த அளவுக்கு விழாமல் நெஞ்சுயரத்தில் வந்து நிற்கிறது. அது உண்மையில் மேலே ஏறுவதில்லை, ஏறுவதுபோல் கண்ணுக்குத் தோன்றுகிறது என்பதே இயற்பியல் சொல்வது. மேல்நோக்கி ஏறும் வீச்சையே எல்லாப் பந்துக்கும் பயன்படுத்துபவர் இந்தப் பந்துக்கு அடியில் மட்டையை ஓட்டிவிட்டு வெறுங்கையுடன் திரும்புகிறார். முதலாண்டின் 11 ஹோம்ரன்களில் எத்தனை தாழ்ந்த பந்துகளில் வந்தவை, இரண்டாம் ஆண்டில் எத்தனை முறை உயர்ந்த பந்துக்கு அவுட் ஆனார் என்று காணொளியை வைத்து எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். எதிரணிகள் உயரே எறியத் தொடங்கியிருக்கின்றன என்று தெரியவந்தால், அந்த உயர்ந்த பந்தை விட்டுவிடக் கற்பதே முதல் மருந்து. வீச்சின் தளத்தை, அதாவது மட்டை செல்லும் பாதையின் சாய்வை, திருத்துவது அதற்குப் பிறகுதான்.

இனி லீக்குக்கு வருகிறேன். பேஸ்பாலில் தொழில்முறைக்குப் போகும் கல்லூரி ஆட்டக்காரர் உலோக மட்டையை வைத்துவிட்டு மர மட்டையைப் பிடிக்க வேண்டியிருப்பதால், வீச்சின் குறைகள் அன்றே வெளிப்பட்டுவிடும். சாஃப்ட்பாலில் அப்படியொரு முறிவு இல்லை. அதே கலவைப்பொருள் மட்டை, அதே 12 அங்குலச் சுற்றளவுள்ள பந்து, அதே 43 அடி. எதிரே நிற்பவர்தான் மாறுகிறார். கல்லூரிப் பருவத்தில் வலுவான பிட்ச்சர்களுக்கு நடுவே சாதாரணமானவர்களும் வருவார்கள்; அவர்களிடம் அடித்துச் சராசரியைத் தேற்றிக்கொள்ளலாம். தொழில்முறையில் ஒவ்வொருவரும் தத்தம் கல்லூரியின் முதன்மைப் பிட்ச்சராக இருந்தவர். ஒரே கையசைவில் ரைஸ்பாலும், வேகம் குறைந்து வந்து ஏமாற்றும் சேஞ்ச்அப்பும் எறியக்கூடியவர். ஆகவே அந்த நிலையில் நிலைப்பவர்களின் வீச்சு முன்னைவிடப் பெரிதாவதில்லை, எண்ணிக்கையில் குறைகிறது. அடிக்கத்தகாத பந்துக்கு மட்டையை அசைக்காதவர்களே அங்கே நிற்கிறார்கள்.  

தொழில்முறையில் வீச்சைத் திருத்திக்கொள்ளலாம் என்று எண்ணிவிட வேண்டாம். அங்கே அதற்கு நேரம் இல்லை. 2025இல் கல்லூரிகளின் தேசியப் பட்டத்துக்கான கல்லூரி உலகத் தொடரின் இறுதி ஆட்டம் ஜூன் 6 அன்று ஓக்லஹோமா சிட்டியில் முடிந்தது. அமெரிக்கத் தொழில்முறை லீக்கான அத்லெட்ஸ் அன்லிமிடெட் சாஃப்ட்பால் லீக்கின் முதல் பருவம் மறுநாளே, ஜூன் 7 அன்று தொடங்கியது. அணிக்கு 24 ஆட்டங்கள் மட்டுமே. கல்லூரியில் வழக்கமான பருவத்துக்கு மட்டும் 56 ஆட்டங்கள் வரை அனுமதி உண்டு. ஒரு மாதம் தடுமாறினால் தொழில்முறைப் பருவத்தின் பெரும்பகுதி போய்விடும். இடங்களும் மிகக் குறைவு: அந்த ஆண்டு நான்கே அணிகள், கல்லூரியிலிருந்து நேரடியாகத் தேர்வானவர்கள் 12 பேர். கல்லூரி விளையாட்டின் உயர்மட்டமான முதல் பிரிவில் மட்டும் ஏறத்தாழ 300 கல்லூரி அணிகள் ஆடுகின்றன என்பதை இதனுடன் சேர்த்துப் பாருங்கள். ஜப்பானின் ஜேடி லீக் மற்றொரு வாசல். பெருநிறுவனங்கள் நடத்தும் அந்த அணிகளில் வெளிநாட்டவருக்கு இடம் உண்டு, ஆனால் மிகச் சிலருக்கே.

ஊதியத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2016இல் பிட்ச்சர் மோனிகா அபட் பத்து லட்சம் டாலர் ஒப்பந்தம் செய்தார் என்று பெரிதாகப் பேசப்பட்டது. அது ஆறு ஆண்டுகளுக்கானது. ஆண்டுக்கு உறுதியான தொகை 20,000 டாலர், மீதியெல்லாம் பார்வையாளர் வருகையைப் பொறுத்த ஊக்கத்தொகை. இன்று நிலைமை மேம்பட்டிருக்கிறது. 2025இல் அமெரிக்காவின் முதன்மைப் பேஸ்பால் அமைப்பான மேஜர் லீக் பேஸ்பால், அத்லெட்ஸ் அன்லிமிடெட் லீக்கில் முதலீடு செய்தது, 2028 ஒலிம்பிக்கில் சாஃப்ட்பால் திரும்புகிறது. இருந்தும், இந்த வருமானத்தை மட்டும் நம்பி தங்கள் மகளிடம் உடலியக்கவியல் படிப்பைக் கைவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மட்டையின் அடிமுனையில் பொருத்தும் உணரிகளின் தரவைப் படித்துச் சொல்பவர், காயத்திலிருந்து மீள்பவர்களைப் பழக்குபவர், கல்லூரி அணியின் மட்டைப் பயிற்சியாளர் ஆகிய பணிகள் அதே படிப்பிலிருந்து கிளைக்கின்றன; தொழில்முறையில் ஆடுபவர்களிலும் பலர் பருவம் முடிந்தபின் பயிற்சியளித்தே வாழ்கிறார்கள்.

மாற்றம் தேவைப்பட்டால் அதை இந்த இலையுதிர்காலப் பயிற்சியிலேயே முடிக்க வேண்டும். பிப்ரவரியில் பருவம் தொடங்கிய பிறகு தொடக் கூடாது. அணியின் மட்டைப் பயிற்சியாளர் ஒன்றும் தனிப் பயிற்சியாளர் மற்றொன்றும் சொன்னால், அன்றாடம் தங்கள் மகளைக் களத்தில் பார்க்கும் அணிப் பயிற்சியாளரின் சொல்லுக்கே முன்னுரிமை கொடுங்கள். பயிற்சி வகுப்புகள் தொடங்குமுன் தங்கள் மகளே அந்தப் பயிற்சியாளரிடம் நேரம் கேட்டு, உயர்ந்த பந்துகளின் காணொளியுடன் சென்று உட்காரட்டும். அந்தச் சந்திப்புக்குத் தாங்கள் உடன் செல்ல வேண்டாம்.