ஒரு மின்னதிர்ச்சிக்குப் பிறகு வெளியே போகப் பயம்

கேள்வி: எனக்கு 43 வயது, வெள்ளவத்தையில் வசிக்கிறேன். சென்ற வருடம் நெஞ்சில் ஐ.சி.டி. கருவி பொருத்தினார்கள்; இதயத்துடிப்பு ஆபத்தாக மாறினால் மின்னதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் கருவி அது. சில மாதங்களுக்கு முன் சந்தையில் நின்றபோது அது மின்னதிர்ச்சி கொடுத்தது. அன்றிலிருந்து கோயிலுக்குக்கூடப் போவதில்லை. ஏழு வயது மகளைக் கட்டியணைக்கவும் பயம். கணவர் என்னைத் தனியே விடுவதில்லை.

பதில்: முதலில் மகளைக் கட்டியணையுங்கள். அந்த நேரத்தில் கருவி அதிர்ச்சி கொடுத்தாலும் அவளுடைய தோலில் சிறு கூச்சம் தெரியலாம், அவ்வளவுதான். அவளுக்குத் தீங்கு வராது.

குதிரை நெஞ்சில் உதைத்ததுபோல் இருந்தது என்று இதை அனுபவித்தவர்கள் சொல்வார்கள். அப்படி ஒன்று நடந்த இடத்தை மனம் வெறுப்பது இயல்பு. ஆனால் சந்தையைத் தவிர்த்தால் அன்றைக்கு நிம்மதி; மறுநாள் பயம் கோயில் வரைக்கும் நீள்கிறது. பயத்தில் நெஞ்சு படபடக்க, அடுத்த அதிர்ச்சி வருகிறதோ என்று இன்னும் பயம். சிலர் அதிர்ச்சி வந்ததாகத் தூக்கத்தில் திடுக்கிட்டு எழுவார்கள். கருவியைப் பரிசோதித்தால் எதுவும் பதிவாகியிருக்காது. அது பைத்தியம் அல்ல. ஐ.சி.டி. பொருத்தியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனப்பதற்றமோ மனச்சோர்வோ வருகிறது. உளவளத்துணை இதற்கு நன்றாகவே உதவும்; கிளினிக்கில் வாய்விட்டுக் கேளுங்கள்.

சந்தையில் அன்று நடந்தது கருவியில் பதிவாகியிருக்கும். உண்மையிலேயே ஆபத்தான துடிப்பு வந்ததா, வேகமான சாதாரணத் துடிப்பைக் கருவி தவறாக எடுத்துக்கொண்டதா என்று வைத்தியரிடம் கேளுங்கள். எதுவானாலும் மருந்தையோ கருவியின் அமைப்பையோ மாற்றி, மறுபடி வரும் வாய்ப்பைக் குறைக்கலாம். அந்தச் சந்திப்புக்குக் கணவரையும் அழைத்துப் போங்கள். அவரும் பயந்துபோயிருக்கிறார்.

பிறகு சிறிது சிறிதாக வெளியே வாருங்கள். ஒரு மாலை கணவருடன் காலி வீதி முனைவரை. இன்னொரு நாள், கூட்டமில்லாத வேளையில் பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலுக்கு. அவர் வாசலில் நிற்கட்டும், நீங்கள் மட்டும் உள்ளே போய்க் கும்பிட்டு வாருங்கள். படபடப்பு வந்தவுடன் திரும்பிவிடாதீர்கள், அது அடங்கும்வரை உட்கார்ந்திருங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, பலரும் கேட்கக் கூச்சப்படுவதால் சொல்கிறேன். காயம் ஆறியபின், வைத்தியர் தடை சொல்லாதவரை, தாம்பத்திய உறவுக்கும் பயப்பட வேண்டியதில்லை.

ஒரே ஓர் அதிர்ச்சி வந்து, பிறகு உடம்பு சாதாரணமாக இருந்தால் அன்றே கிளினிக்குக்குத் தெரிவியுங்கள். அடுத்தடுத்து வந்தாலோ, மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தாலோ உடனே 1990 அம்புலன்சை அழையுங்கள். மனம் தாங்காத வேளைக்கு, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தையும் தொலைபேசியில் பதிந்து வையுங்கள்.